சாக்லெட் சிப் குக்கீ: அடுப்புக்குள் அந்த 12 நிமிடம்

ஒரே செய்முறை, ஒரே அளவுதான். ஒருவர் செய்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வருகிறது. இன்னொருவர் செய்தால் தட்டு முழுக்க அப்பளம் மாதிரி பரவிக் கிடக்கிறது. சாக்லெட் சிப் குக்கீயில் கைப்பக்குவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெப்பநிலைதான்.

மாவு உருண்டை அடுப்புக்குள் போனதும் இரண்டு வேலைகள் ஒன்றாகத் தொடங்குகின்றன. வெண்ணெய் உருகி, சர்க்கரை கரைந்து, மாவு பரவுகிறது. இன்னொரு பக்கம் முட்டைப் புரதம் வெந்து மாவை இறுக்குகிறது. பரவுகிற மாவை இறுக்கம் எந்த இடத்தில் பிடித்து நிறுத்துகிறதோ அதுதான் குக்கீயின் உருவம். செய்முறையில் எதை மாற்றினாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முடுக்குகிறோம், இல்லையென்றால் தாமதப்படுத்துகிறோம்.

அளவை முதலில் சொல்லிவிடலாம். சுமார் 15 குக்கீக்கு உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சர்க்கரை 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், முட்டை 1, மைதா 150 கிராம், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சாக்லெட் சிப்ஸ் 150 கிராம், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். உப்பு வெண்ணெய்தான் கையில் இருக்கிறது என்றால் தனி உப்பைத் தவிர்த்துவிடலாம். மைதாவைத் தராசில்தான் நிறுக்க வேண்டும். ஒரு கப் மைதாவை ஸ்பூனால் அள்ளிப் போட்டு நிரப்பினால் 120 கிராம் பிடிக்கும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும். அந்த 30 கிராம் போதும், குக்கீ பரவாமல் உருண்டையாகவே நின்றுவிடும்.

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் வெண்ணெய். கடை வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், தண்ணீர் 16 சதவீதத்தை ஒட்டி. கொழுப்பு கொஞ்சம் கெட்டியாகவும் கொஞ்சம் குழைவாகவும் இருக்கும் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில்தான் அது காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைத் துகள்களின் கூரான முனைகள் கொழுப்புக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்களை இழுத்துச் செல்கின்றன. சோடா புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். அதனால் இந்தக் கட்டத்தில் காற்று ஏறாவிட்டால் பிறகு சோடாவைக் கூட்டிப் பயனில்லை.

ஆங்கிலச் செய்முறைகள் வெண்ணெயை 'அறை வெப்பநிலைக்கு' வரவிடச் சொல்வது 20 டிகிரி அறையை மனதில் வைத்து. மே மாதத்துச் சென்னைச் சமையலறை 33 டிகிரி. வெண்ணெய் அங்கே கிட்டத்தட்ட உருகியே விடும். நம் ஊரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டி 10 நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேற்பரப்பு எண்ணெயாகப் பளபளக்கக் கூடாது. சர்க்கரையோடு 2 அல்லது 3 நிமிடம் அடித்தால் நிறம் வெளுத்துவரும். அதற்குமேல் அடிக்க வேண்டாம். உராய்வுச் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும்.

வெண்ணெயை உருக்கியே ஊற்றிச் செய்யும் முறையும் உண்டு. அதில் காற்று ஏறாது, குக்கீ கனமாக, மெல்லத் தோதாக வரும். அது குறையல்ல, வேறு ரகம். ஆனால் அந்த மாவைக் குளிரவைக்காமல் அடுப்பில் ஏற்றவே கூடாது. வெண்ணெயைப் பொன்னிறமாகக் காய்ச்சிச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய்ச்சும்போது உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி 115 கிராம் வெண்ணெய் 95 கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஒரு டேபிள்ஸ்பூன் பால் சேர்த்து ஈடுகட்டாவிட்டால் மாவு உதிரும்.

சர்க்கரையை இனிப்புக்காக மட்டும் போடுகிறோம் என்று நினைத்துப் பாதியாகக் குறைப்பவர்கள் ஏமாறுவார்கள். இந்த மாவில் தண்ணீர் மிகக் குறைவு. சர்க்கரை முழுவதும் அதில் கரையாது. அடுப்பில் சூடு ஏற ஏறத்தான் மேலும் மேலும் கரைந்து பாகாகிறது. அந்தப் பாகும் உருகிய கொழுப்பும் சேர்ந்துதான் மாவைப் பரவவிடுகின்றன. போதாததற்குச் சர்க்கரை மாவுச்சத்துக்குப் போக வேண்டிய தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, முட்டைப் புரதம் இறுகும் வெப்பநிலையையும் உயர்த்துகிறது. சர்க்கரையைக் குறைத்தால் பரவல் குறையும், இறுக்கம் முந்திக்கொள்ளும், கையில் வருவது சின்னக் கேக்.

வெள்ளையும் பிரவுனும் கலப்பதற்குக் காரணம் ஆறும்போது நடப்பது. வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய சுத்தமான சுக்ரோஸ். ஆறும்போது கெட்டியாகி ஓரத்துக்கு மொறுமொறுப்பைத் தருகிறது. பிரவுன் சர்க்கரையில் கரும்புப் பாகின் கசடு ஒட்டியிருக்கிறது, அதில் கொஞ்சம் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உண்டு. இவை சுக்ரோஸ் படிகமாவதைத் தடுக்கும், ஈரத்தையும் விடாமல் பிடித்துவைக்கும். நடுப்பகுதி மெத்தென்று இருப்பது இதனால்தான். நம் கடைகளில் பிரவுன் சர்க்கரை என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கல் கல்லான டெமரேரா. அப்படியே போட்டால் பல்லில் நறநறக்கும், மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுச் சேர்க்கலாம். ஈரப்பதமுள்ள, மென்மையான நாட்டுச் சர்க்கரையும் நன்றாகவே வேலை செய்யும், மணம் மட்டும் வேறாக இருக்கும்.

பிரவுன் சர்க்கரைக் கசடின் லேசான அமிலம் சோடாவுடன் சேர்ந்து கரியமில வாயுவை விடுகிறது. அமிலத்துக்குச் சிக்காமல் மீந்த சோடா அடுப்புச் சூட்டில் சிதைந்து சோடியம் கார்பனேட்டாகிறது. இது மாவைக் காரத்தன்மைக்குத் தள்ளும். காரத்தன்மை ஏறினால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் மெய்லார்ட் வினை வேகம் பிடிக்கும். நிறமும் வறுத்த மணமும் அங்கிருந்துதான் வருகின்றன. அளவு மீறினால் சோப்பு ருசி. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டால் அதிலேயே அமிலம் இருப்பதால் காரத்தன்மை ஏறாது. குக்கீ வெளிறி, உப்பி, கேக் மாதிரி வரும்.

மைதா சேர்ந்த பிறகு கலக்கல் குறைய வேண்டும். வெள்ளைத் திட்டுகள் மறைந்ததும் நிறுத்திவிட்டுச் சிப்ஸைப் போட்டுப் புரட்டலாம்.

இந்தக் குக்கீ பிறந்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், விட்மன் என்ற ஊரில் இருந்த டோல் ஹவுஸ் விடுதியில், 1930களில். அதை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு, சாக்லெட் உருகி மாவில் கலந்துவிடும் என்று நினைத்து உடைத்துப் போட்டார், அது உருகாமல் நின்றுவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அவர் சமையல் உள்ளிட்ட மனையியலை முறையாகப் படித்தவர், 1924இல் பட்டம் பெற்றவர். கிளறாத சாக்லெட் கலக்காது என்பது அவருக்கா தெரியாது? கதையை நம்புவது கடினம். உண்மையில் சாக்லெட் உருகத்தான் செய்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரியிலேயே இளகிவிடும். ஆனால் அந்தக் கொழுப்புக்குள் சர்க்கரையும் கோகோவும் மிக நுண்ணிய துகள்களாக நெருக்கியடித்து நிற்கின்றன. யாரும் கிளறாதவரை அவை இடம் மாறாமல் உருவத்தைத் தாங்கிக்கொள்ளும். சிப்ஸில் வேண்டுமென்றே கோகோ வெண்ணெயைக் குறைத்திருப்பார்கள், அதனால் கூர் முனைகூட அப்படியே நிற்கும். கோகோ வெண்ணெய் அதிகமுள்ள கூவெர்ச்சர் சாக்லெட்டைக் கத்தியால் நறுக்கிப் போட்டால் குளம் கட்டியதுபோல் படரும், ருசியும் ஒரு படி மேல். உறையில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் அது காம்பவுண்ட் சாக்லெட். விலை குறைவு, ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும்.

மாவைத் தலா 40 கிராம் உருண்டைகளாக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம். குளிர்ந்த கொழுப்பு உருக நேரம் எடுக்கும், அதற்குள் ஓரம் இறுகத் தொடங்கிவிடும். நீண்ட நேரம் வைத்தால் மைதா ஈரத்தை முழுதாக உறிஞ்சிக்கொள்ளும், குக்கீயின் நிறமும் மணமும் ஆழமாகும். இடையில் எடுத்துத் தின்ன வேண்டாம். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

ஓடிஜி எனப்படும் சிறிய மின் அடுப்பை 180 டிகிரியில் 15 நிமிடம் முன்கூட்டியே சூடாக்க வேண்டும். அதன் திருகி காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் 20 டிகிரிவரை வேறுபடலாம், சின்ன அடுப்பு வெப்பமானி ஒன்றை உள்ளே தொங்கவிட்டால் தெரிந்துவிடும். சூடு குறைந்தால் இறுகுவதற்குமுன் எல்லாம் பரவி முடிந்திருக்கும். உருண்டைகளுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடம், 10 முதல் 12 நிமிடம். முதல் தட்டு நன்றாக வந்து இரண்டாவது தட்டையாகிப்போனால் மாவைத் திட்டாதீர்கள். சூடான தட்டிலேயே அடுத்த மாவை வைத்திருப்பீர்கள், வெண்ணெய் அடுப்பைப் பார்க்கும் முன்பே உருகியிருக்கும். குழாய்த் தண்ணீரில் தட்டை ஆறவைத்துத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஓரம் பொன்னிறமாகி, நடு இன்னும் வேகாதது போல ஈரமாகத் தெரியும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். நடுவும் வெந்ததாகத் தெரியும்வரை காத்திருந்தால் ஆறிய பிறகு பிஸ்கட்தான். எடுத்ததும் உள்ளிருந்த ஆவி தணிந்து மேடு அமுங்கும், மேலே வெடிப்புக் கோடுகள் விழும். தட்டிலேயே 5 நிமிடம் விட்டால் தட்டின் சூட்டில் மீதி வேக்காடு முடிந்து, பாகும் கெட்டியாகிவிடும். அதற்குமுன் தூக்கினால் உடையும்.

ஈரக்காற்றில் சர்க்கரை தண்ணீரை இழுப்பதால் மொறுமொறுப்பு ஒரே நாளில் போய்விடும். முழுக்க ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட வேண்டிய அவசியமும் இல்லை. உருண்டைகளை ஃப்ரீசரில் உறையவைத்து, வேண்டும்போது நான்கைந்தை எடுத்து, இளகவிடாமல் அப்படியே அடுப்பில் வைத்து 2 நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும்.