ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் சோபாவை நகர்த்திப் பாருங்கள்

"கடையில கேட்டப்போ பிரமாதமா இருந்துச்சு சார், வீட்ல வச்சா ஒரே கும்முனு இருக்கு." ஸ்டீரியோ செட் அமைத்துத் தரும் என் போன்றவர்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்த கேள்வி, ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் பெட்டியைப் பற்றி: "ஆம்பை மாத்திடலாமா?" அவசரப்படாதீர்கள். பல வீடுகளில் கோளாறு அறையில்தான் இருக்கிறது.

நம் வீட்டுச் சுவர் செங்கல், கூரை கான்கிரீட், தரை டைல்ஸ். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் பேஸில் (தாழ்ந்த சுர ஒலியில்) கொஞ்சம் அதன் வழியாகக் கசிந்து போய்விடும். நம் சுவர் அப்படியே திருப்பி அனுப்புகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி, சில அதிர்வெண்களில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 12 அடி அறைக்கு 47 ஹெர்ட்ஸ் வரும், அறை குமுறத் தொடங்கும் அதிர்வெண் அது. அறை 12க்கு 12 என்று சதுரமாக இருந்துவிட்டால் நீளம், அகலம் இரண்டும் சேர்ந்து அதே 47ஐத் தூக்கிவிடும். பேஸ் கிட்டார் ஒரு சுரத்தில் அறையையே அதிர வைத்து, அடுத்த சுரத்தில் காணாமல் போகிறதா? அது அறையின் வேலை.

இந்தக் குமுறல் சுவரோரத்தில்தான் உச்சம். நாம் சோபாவைப் போடுவதும் அங்கேதான்! சமீபத்தில் ஒரு அப்பார்ட்மெண்ட் ஹாலில், பின்சுவரை ஒட்டியிருந்த சோபாவை மூன்றடி முன்னால் இழுத்ததுமே பாதிக் குமுறல் அடங்கிவிட்டது. அதற்காக அறையின் நட்டநடுவில் உட்காராதீர்கள், அங்கே பேஸ் வற்றிப்போகும். அதே ஹாலில் இடது ஸ்பீக்கர் மூலையில் இடுக்கிக்கொண்டிருந்தது. வலது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவரே இல்லை, டைனிங் பக்கம் திறந்த வெளி. இடதை மூலையிலிருந்து விலக்கி, இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சம தூரத்தில் முக்கோணமாக வரும்படி வைத்தோம். அப்புறம்தான் பாடகரின் குரல் நடுவில் வந்து நின்றது.

எப்படி வைத்தாலும் குரல் நடுவில் நிற்கவில்லை, பேஸும் மெலிந்திருக்கிறது என்றால், ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பக்கச் சுவரில் பட்டு வரும் கூர்மையான ஒலிக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒருவர் அதைச் சுவரோடு நகர்த்த, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே கனமான திரையோ புத்தக அலமாரியோ வரட்டும். முட்டை அட்டையையும் ஒரு இஞ்ச் ஃபோமையும் ஒட்டி பேஸைப் பிடிக்க முடியாது. கூர்மையை மட்டும் தின்றுவிட்டு குமுறலை அப்படியே விட்டுவிடும். தவிர, முட்டை அட்டை சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அளவெடுப்பு. யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள், ஒரு லேப்டாப் போதும். ஃபோன் மைக்கின் பேஸ் அளவை நம்ப வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, தலை இருக்கும் இடத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் அளந்து சராசரி பாருங்கள். மென்பொருள் காட்டும் வரைபடத்தில் மேடுகளை (ஒலி கூடியிருக்கும் அதிர்வெண்களை) ஈக்வலைசரில், அதாவது ஒலியின் அளவை அதிர்வெண் வாரியாக மாற்றும் வசதியில், குறைக்கலாம். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். 10 டெசிபல் கூட்டினால் ஆம்ப் பத்து மடங்கு பவர் கொடுக்க வேண்டும். சுவரிலிருந்து எதிர்த்து வந்து அதை அழிக்கும் ஒலியும் அதே அளவு கூடும். பள்ளம் அப்படியே இருக்கும், பேஸை ஒலிக்கும் வூஃபர்தான் அடிவாங்கும். பள்ளத்துக்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ அரை அடி நகர்த்துவதுதான் வழி.

ஈக்வலைசர் திருத்தங்களை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்வது என் வழக்கம். கோடு நூல் பிடித்த மாதிரி வர வேண்டும் என்று மல்லுக்கட்டவும் மாட்டேன். வீட்டில் கேட்பதற்கு, பேஸ் பக்கம் லேசாக உயர்ந்து ட்ரெபிள் (உயர்ந்த சுர ஒலி) பக்கம் மெல்ல இறங்கும் கோடே இதமாக இருக்கிறது.