வட்டிக்கு வட்டி கேட்கும் சுருதி

பழைய டிரம்பெட்டுகள் பலவற்றில், மூன்றாம் வால்வோடு சேர்ந்த ஸ்லைடில், அதாவது உள்ளும் வெளியும் நகரும் குழாயில், ஒரு பித்தளை வளையம் பற்றவைக்கப்பட்டிருக்கும். அது இடக்கை மோதிர விரலுக்கானது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த விரல் ஸ்லைடை வெளியே தள்ளி, அடுத்த சுரத்துக்குள் உள்ளே இழுத்துவிட வேண்டும். வால்வை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த வேலை எதற்கு என்று தோன்றும். எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் இது தீராது. கோளாறு கணக்கில் இருக்கிறது.

வால்வை அமுக்கினால் காற்று கூடுதலாக ஒரு வளைகுழாயைச் சுற்றி வரும். குழாய் நீள, சுருதி இறங்கும். 1818இல் ஷ்டோல்செல், ப்ளூமெல் என்ற இரு ஜெர்மானியர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. சுருதி அரைப்படி, அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம், இறங்கக் குழாய் சுமார் 6 சதவீதம் நீள வேண்டும். முழுப்படிக்கு 12, ஒன்றரைப்படிக்கு 19. இரண்டாம், முதலாம், மூன்றாம் வால்வுகளின் வேலை முறையே இவைதான். தனித்தனியே அமுக்கினால் குறையில்லை.

சேர்த்து அமுக்கும்போதுதான் வம்பு. சாதாரண டிரம்பெட்டின் குழாய் ஏறக்குறைய 148 செ.மீ. மூன்றாம் வால்வு 28 செ.மீ. சேர்த்து அதை 176 ஆக்கிவிடுகிறது. இனி முழுப்படி இறங்க இந்த 176இல் 12 சதவீதம், அதாவது 21 செ.மீ.க்கு மேல் வேண்டும். முதல் வால்விடம் இருப்பதோ 18தான். சுருதி வட்டிக்கு வட்டி கேட்கிறது. வால்வு தனிவட்டிதான் கட்டுகிறது. மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பற்றாக்குறை 6 செ.மீ.யைத் தாண்டும், சுரம் அரைப்படியில் பாதி ஏறி ஒலிக்கும். பழகாத காதுக்கும் அது உறுத்தும்.

வளையம் அந்தப் பாக்கியைத் தீர்க்கிறது. ஸ்லைடு இரட்டைக் குழாய் என்பதால் 1.7 செ.மீ. தள்ளினால் 3.4 செ.மீ. கிடைக்கும். முதல் வால்வுக்குக் கட்டைவிரலால் இயக்கும் நெம்புகோல் வைத்தவர்களும் உண்டு. விட்டதும் ஸ்பிரிங் ஸ்லைடைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதற்கு மெல்லிய எண்ணெய்தான் சரி. கெட்டியான கிரீஸ் பூசினால் ஸ்பிரிங் தோற்றுவிடும்.

ஸ்பிரிங் யோசனை வால்வுக்கும் முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ஸ்லைடு டிரம்பெட்டில், வாசிப்பவர் ஸ்லைடைத் தன் முகத்தை நோக்கி இழுப்பார். கடிகார ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுபோகும். வால்வில்லாத குழாயில் இயல்பாக எழும் சுர வரிசையில் பதினோராவது சுரம் இரண்டு சுரங்களுக்கு நடுவே தொங்கும். அதைக் கீழே இறக்கவும் அந்த ஸ்லைடு உதவியது.

1874இல் லண்டனில் இசைக்கருவிகள் செய்த பூசி நிறுவனத்தின் பிளெய்க்லி விரலுக்கு வேலையே வைக்கவில்லை. மூன்றாம் வால்வின் காற்றை மற்ற வால்வுகள் வழியாக மறுபடி அனுப்பினார். மூன்றாம் வால்வோடு மற்றவை சேரும்போது, குறையும் நீளத்தைச் சிறிய துணைக்குழாய்கள் தாமாகவே கொடுத்துவிடும். யூஃபோனியம், டியூபா போன்ற பெரிய பித்தளை ஊதுகருவிகளில் இன்றும் இருக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் எடை கூடும், ஊதும்போது காற்றுக்குத் தடையும் கூடும். டிரம்பெட்டுக்கு வளையமே மேல் என்பது என் கட்சி.

டிராம்போனுக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். அதன் உடம்பே ஸ்லைடுதான். ஆனால் ஸ்லைடு முழுக்க உள்ளே போய்விட்டால் சுருதியை மேலும் ஏற்ற வழியில்லை. அதனால் சில பழைய டிராம்போன்களில் ஸ்லைடு முட்டும் இடத்தில் ஸ்பிரிங் வைத்தார்கள். ஸ்லைடை உள்ளே இழுத்து வாசிக்கும் முதல் நிலையில் அது ஸ்பிரிங்கின்மேல் சற்று வெளியே நிற்கும். சுரம் தாழ்ந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திக்கொள்ளலாம்.