சூடு செம்பில் தடை, சிலிக்கனில் வழி

1833-ல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடை விளக்கில் காட்டிச் சூடாக்கினார். சூடு ஏற ஏற அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தியது. உலோகங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு: செம்பு ஒரு டிகிரி சூடானால் அதன் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். ஏன் இந்த வேறுபாடு என்பது ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, எலக்ட்ரானை அலையாகவும் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

முதலில் செம்பு. ஒவ்வொரு செம்பு அணுவும் ஏறக்குறைய ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அவை விநாடிக்கு 1,500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறக்கின்றன. அதனால் மொத்தத்தில் எந்தப் பக்கமும் நகர்வில்லை. சுவிட்சைப் போட்டதும் முழுக் கூட்டமும் ஒரு பக்கம் லேசாக நகரும், விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவாக. நம் வீட்டு மின்சாரத்தில் அதுவும் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும்தான். விளக்கு உடனே எரிவது மின்புலம் கம்பி வழியே ஏறக்குறைய ஒளிவேகத்தில் பரவுவதால்.

அணுக்களில் மோதி மோதித்தான் எலக்ட்ரான் தடைபடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: அணுக்கள் பிசகாத வரிசையில் அசையாமல் இருந்தால், எலக்ட்ரான் அலை தடையே இல்லாமல் ஊடுருவிப் போய்விடும். 1928-ல் இயற்பியலாளர் ஃபெலிக்ஸ் பிளாக் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். தடை வருவது வரிசை குலையும்போதுதான். சூட்டில் அணுக்கள் அதிரும், அலை சிதறும். சாதாரண வெப்பநிலையில்கூட ஒரு சிதறலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எலக்ட்ரான் நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்களைக் கடந்துவிடுகிறது.

வெள்ளி சல்ஃபைடைப் போலச் சூட்டில் நன்றாகக் கடத்தும் சிலிக்கனிலும் அணுக்கள் அதிரத்தான் செய்கின்றன. ஆனால் அங்கே முதல் பிரச்சினையே வேறு: ஓட எலக்ட்ரான் இல்லை. வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களும் அண்டை அணுக்களுடனான பிணைப்பில் சிக்கியிருக்கின்றன. விடுபட 1.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். அறை வெப்பத்தின் சராசரிப் பங்கு அதில் நாற்பதில் ஒன்றுதான். எப்போதாவது ஒன்று தப்பினால், அது விட்ட காலியிடமும் ஒரு நேர்மின்னூட்டம்போல நகர்ந்து மின்சாரத்தைக் கடத்தும். சூடு சுமார் 8 டிகிரி கூடினாலே இப்படித் தப்புபவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். அதிர்வால் வரும் தடை இந்தப் பெருக்கத்துக்கு முன் நிற்காது.

சரி, சூட்டை நம்பி சில்லு செய்ய முடியுமா? முடியாது. அதனால்தான் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பகுதிகளிலுள்ள பகுதிமின்கடத்தி (செமிகண்டக்டர்) ஆலைகளில் சிலிக்கனில் வேண்டுமென்றே பாஸ்பரஸ், போரான் போன்றவற்றைக் கலக்கிறார்கள். பாஸ்பரஸுக்கு ஐந்து வெளி எலக்ட்ரான்கள். நான்கு பிணைப்புக்குப் போக, ஐந்தாவது எளிதில் ஓடிவிடும். ஒரு கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் சேர்த்தாலே ஓடும் எலக்ட்ரான்கள் லட்சக்கணக்கான மடங்கு பெருகும். போரானோ ஓர் எலக்ட்ரான் குறைவாக வந்து காலியிடத்தைத் தருகிறது.

இப்படிக் கலந்த சிலிக்கன் வழக்கமான வெப்பநிலையில் உலோகம்போலவே நடந்துகொள்ளும்: ஓட வேண்டியவை ஏற்கெனவே விடுபட்டுவிட்டதால், சூடு அதிர்வை மட்டும் கூட்டும். ஆனாலும் பிணைப்பிலிருந்து தப்புபவை பின்னணியில் பெருகிக்கொண்டேதான் இருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கூரையில் இருக்கும் சூரியத் தகடுகளில் அதைக் காணலாம். வெயில் கூடினால் மின்சாரம் கூடும், ஆனால் தகடு சூடானால் உள்ளே கசிவு பெருகி மின்னழுத்தம் இறங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.