கல் கழிவு சும்மா கிடைக்கிறதா?

கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி வட்டாரத்துக் கிரானைட் பட்டறைகளுக்குப் பின்னால், கல் அறுக்கும்போது வரும் சாம்பல் நிறச் சேறு மேடு மேடாகக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் தொழில் திட்ட அறிக்கை கேட்டு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணா, மூலப்பொருள் சும்மாவே கிடைக்கிறது. தரையில் பதிக்கிற சிமெண்ட் கல், பேவர் பிளாக் போட்டால் லாபம்தானே?"

அவர்களிடம் முதலில் ஒரு வேலை சொல்வேன். ஒரு கிலோ சேற்றை எடுத்து, பழைய வாணலியில் சிறு தீயில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்து, மறுபடி எடை போட்டுப் பாருங்கள். போன மாதம் வந்த தம்பிக்கு 700 கிராம்தான் மிஞ்சியது. அப்படியானால் 3 டன் ஏற்றிவரும் டிராக்டரில் 900 கிலோ தண்ணீர். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை. காய்ந்த பொடியில் பாலித்தீன் பை சுற்றிய காந்தத்தை ஓட்டினார். கருந்தூள் மீசைபோல் ஒட்டிக்கொண்டது. கேங் சா இயந்திரத்தில் அறுக்கும்போது சேர்க்கிற இரும்புத் துகள் அது. வெளிர் நிறப் பேவர் பிளாக்கில் மழை பட்டால் துருக்கறையாக வெளியே வரும்.

பொடியைக் கூட்டினால் சிமெண்ட் கலவை அதிகத் தண்ணீர் கேட்கும், தண்ணீர் கூடினால் வலு குறையும், அதைச் சிமெண்டால் ஈடுகட்டினால் மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும். ஆகவே பொடியின் அளவை மாற்றி மாற்றிச் சோதனைக் கல் வார்த்துப் பார்க்காமல் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

வலுவை 28-ஆம் நாளில்தான் சோதிப்பார்கள். தினம் 1,000 கல் வார்த்தால் அதற்குள் 28,000 கல்லும் அதில் போட்ட பணமும் களத்தில் முடங்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்ட மானியத்தை நம்பி இந்தச் செலவைச் சமாளிக்க முடியாது. அது 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும் கட்டடம் எழுப்பும் முன்பே கேளுங்கள்.

நான் விட்டுக்கொடுக்காத செலவு ஒன்று உண்டு: தூசி. கிரானைட்டில் சிலிக்கா என்ற கனிமம் கணிசமாக உண்டு. காய்ந்த பொடியைச் சலிக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. முகத்தில் கட்டும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. மூடிய சல்லடை, தூசி உறிஞ்சி, தரமான முகக்கவசம், ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே ஆகியவற்றைச் சேர்த்தபின் லாபம் வராத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அந்தத் தம்பி நேற்று வந்தார். பக்கத்துப் பட்டறைகள் மூன்றின் வாணலிக் கணக்கு அவர் நோட்டில் இருந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தை அதிலிருந்துதான் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.