ப்ளக்கின்: செருகுநிரலும் நீட்சியும் ஒண்டில்ல

போன சனிக்கிழமை பின்னேரம் கீழ்வீட்டு அங்கிள் கோல் எடுத்து "தம்பி, ப்ளக்கின் சப்போர்ட் இல்லையாம், ஒருக்கா வந்து பாருமன்" எண்டார். வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட்டில கொம்பியூட்டர் தெரிஞ்சவன் எண்டு பேர் எடுத்திட்டா சனிக்கிழமை உங்களுக்குச் சொந்தமில்ல, போனன். அங்கிள்டதைப் பாத்துக்கொண்டு இருக்கேக்க அன்ரி தேத்தண்ணியோட தன்ர லப்டொப்பையும் கொண்டு வந்து வச்சு, இதிலயும் ஏதோ ப்ளக்கின் பிரச்சினையாம் மகள் ஃபோன்ல சொன்னவள் எண்டா. அங்கிளுக்கு திறக்க மாட்டன் எண்டது பழைய வெப் பக்கம் ஒண்டு, ஜாவா எண்ட ப்ரோக்ராம் இருந்தாத்தான் அது திறக்கும். அன்ரிக்கு குழப்பம் குடுத்தது விளம்பரம் மறைக்கிற சாமான். ரெண்டும் ரெண்டு வியாதி, பேர் மட்டும் ஒண்டு, அதால மருந்தும் ஒண்டு எண்டு ரெண்டு பேரும் நினைச்சுக்கொண்டு இருக்கினம். இந்தக் குழப்பம் கொம்பியூட்டர்ல இல்ல, சொல்லிலதான் எண்டு எனக்குப் பட்டது, அதான் எழுதுறன். ப்ளக்கின் எண்டா பிரவுசருக்குள்ள, அதான் க்ரோம் மாதிரி வெப் பக்கம் திறக்கிற ப்ரோக்ராமுக்குள்ள, வெளியில இருந்து செருகிற துண்டு ப்ரோக்ராம்.

முதல்ல ப்ளக். இது ஆங்கிலத்துக்கே சொந்தச் சொல் இல்ல, 1600கள்ல டச்சுக்காரரிட்ட இருந்து போனது, அவையள் 'ப்ளுக்கே' எண்டது பீப்பா ஓட்டையை அடைக்கிற மரக்கட்டையை. டச்சுக்காரர் 1656ல இருந்து 1796 வரைக்கும் கொழும்பில இருந்து எங்களுக்கு கந்தோரையும் கக்கூசையும் குடுத்திட்டுப் போனவை, இந்த ப்ளக்கை மட்டும் குடுக்காமப் போய் அது இங்கிலாந்தைச் சுத்தி எங்களிட்ட வந்து சேந்திருக்கு. ஓட்டையை அடைக்கிற கட்டை எண்ட கருத்து பிறகு கரண்ட் ஓட்டைக்குள்ள போற சாமானுக்கு வந்தது, த்ரீவீலர் எஞ்சினுக்குள்ள முறுக்கி இறுக்கிற ஸ்பார்க் ப்ளக்குக்கும் வந்தது. எங்க போனாலும் ஒரு விசயம் மட்டும் மாறேல்ல. ப்ளக் எண்டா தனிய நிக்கிற சாமான் இல்ல, அதுக்கு இன்னொருத்தன்ட ஓட்டை வேணும்.

ஓட்டை பொருந்தாட்டி என்ன நடக்கும் எண்டு கொழும்பு ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. எங்கட வீடுகள்ல ஒரு சுவரில உருண்டை முள் 5 அம்பியர், குசினியில பெரிய உருண்டை முள் 15 அம்பியர், புதுசா கட்டின அறையில சதுர முள் 13 அம்பியர். சதுரத்தைத்தான் நாட்டுக்கே ஒரே தரமாக்கிறது எண்டு 2017ல முடிவெடுத்தாங்கள், ஆனா பழைய வீட்டுச் சுவருக்கு அது தெரியுமே. ஃபோன் சார்ஜர்ட ரெண்டு முள்ளை சதுர ஓட்டைக்குள்ள விட மேல் ஓட்டைக்குள்ள பேனையை விட்டு அமத்தி மூடியைத் திறக்கிறம், எல்லா வீட்டிலயும் ஒரு ஆள் இதைச் செய்யும். அந்த மூடி வச்சதே கண்டதும் உள்ள போகக்கூடாது எண்டுதான், நாங்க அதைத்தான் ஏமாத்திறம். இந்தப் பேனையை நினைவில வச்சிருங்கோ, திரும்ப வரும்.

இப்ப தமிழ். செருகு எண்டது எழுத்தில, வாயில வரேக்க சொருகு. கொண்டையில பூ செருகிறது, இடுப்பில கொசுவம் செருகிறது, நித்திரை வந்தா கண் செருகிறது. ஏற்கனவே இருக்கிற ஒண்டுக்குள்ள, இருக்கிற இடுக்குக்குள்ள, வெளிச்சாமான் ஒண்டை நுழைக்கிறது எண்டதுதான் இதுகளுக்குள்ள இருக்கிற பொதுக் கருத்து. இதில எனக்கு ஆகப் பிடிச்சது இடைச்செருகல். பழைய பாட்டுக்குள்ள பிறகு வந்த ஆரோ தன்ர பாட்டை நுழைச்சா அதுக்குப் பேர் அது. கம்பராமாயணத்தில அப்பிடி நுழைஞ்சதுகளை வெள்ளி பாடல் எண்டுவினம். சிறுப்பிட்டியில பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை மாதிரி ஏடு பாத்துப் பதிப்பிச்ச ஆக்களுக்கு எது மூலம் எது செருகல் எண்டு பிரிக்கிறதே பெரிய தலையிடி. பிரவுசர் செய்யிற ஆக்களும் பின்னால இதே வேலையைத்தான் செய்ய வேண்டி வந்தது, அதால இந்தச் சொல் ப்ளக்கினுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

செருகு எண்டதில இருந்து செருகி வரும், விசிறு விசிறி, உலாவு உலாவி மாதிரி, இலக்கணத்தில ஒரு பிழையும் இல்ல. ஆனா சுவரில குத்திற ப்ளக்கையும் செருகி எண்டுதான் எழுதுகினம், அதால கொம்பியூட்டர்ல இருக்கிறதுக்கு செருகுநிரல் எண்டது வசதி. நிரல் எண்டா வரிசை, ஓஎல் தமிழில நிரல்நிறை அணி படிச்சிருப்பீங்க, அந்த நிரல்தான். வரிசையா எழுதின கட்டளை எண்டபடியா ப்ரோக்ராமுக்கு அந்தப் பேர். எங்கட பக்கம் செய்நிரல் எண்டு எழுதிற வழக்கமும் இருக்கு, 'செருகு செய்நிரல்' எண்டு ஒருக்கா சொல்லிப் பாருங்கோ, நாக்கு தடக்கும்.

சரி, பிரவுசருக்குள்ள ஆர் இதைச் செருகினது? 1996ல வந்த நெட்ஸ்கேப் 2 எண்ட பிரவுசர். அப்ப பிரவுசருக்கு எழுத்தும் படமும் காட்ட மட்டும்தான் தெரியும், பிடிஎஃப், வீடியோ மாதிரி ஒண்டும் ஏலாது. அதால மற்றக் கொம்பனியள் வந்து செருக ஒரு ஓட்டையை விட்டாங்கள், அந்த ஓட்டைக்குப் பேர் என்பிஏபிஐ. வீடியோவும் கேமும் ஓட்டுற ஃப்ளாஷ், சில்வர்லைட், பிறகு ஜாவா, எல்லாம் அதாலதான் உள்ள போனது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் தன்ர ஓட்டை வேற வடிவம் எண்டு ஆக்டிவ்எக்ஸ் எண்டு ஒண்டை வச்சது, அங்கயே எங்கட 5 அம்பியர் 13 அம்பியர் கதை தொடங்கீற்று. அதுக்கு மேல ப்ரோக்ராமில 32 பிட், 64 பிட் எண்டு ரெண்டு வகை, 32 பிட் பிரவுசருக்கு 32 பிட் ப்ளக்கின்தான் போகும், 64 போட்டா கண்ணுக்கே தெரியாது. எத்தினை பேர் இது விளங்காம ஜாவாவை மூண்டு நாலு தரம் அழிச்சு அழிச்சு ஏத்தியிருப்பினம், நானே செய்திருக்கிறன். சாதகத்தில நாள், கணம், ராசி எண்டு பாக்கிற மாதிரி பிரவுசர் எது, வேர்ஷன் எது, பிட் எத்தினை எண்டு பாக்கோணும். இதுக்கு இணக்கப்பாடு எண்டு சிலபேர் எழுதுறவை, அது எங்கட நாட்டுப் பேச்சுவார்த்தை நியூஸ் மாதிரிக் கேக்குது. பொருத்தம் எண்டே சொல்லலாம், வீட்டில இருக்கிற சொல்.

ப்ளக்கின்ட உண்மையான ஆபத்து வேற. அது பிரவுசர் மாதிரி அடங்கி ஒடுங்கி இருக்கிறதில்ல, உங்கட மெசின்ல ஏத்தின எந்த ப்ரோக்ராமுக்கும் இருக்கிற அதிகாரம் அதுக்கும் இருக்கும், அதில ஒரு பிழை இருந்தா ஒரு வெப் பக்கத்தால கள்ளன் உங்கட கொம்பியூட்டருக்குள்ள வரலாம். அதால ஒவ்வொருத்தரா ஓட்டையை அடைச்சாங்கள். க்ரோம் 2015 செப்டம்பர்ல, ஃபயர்ஃபொக்ஸ் 2017 மார்ச்ல ஃப்ளாஷை மட்டும் விட்டிட்டு மற்றதெல்லாம். ஃப்ளாஷும் 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது, 2021 ஜனவரி 12ல இருந்து தானே தன்னை ஓட விடாது. எங்கட கதையில இது ஒரு வேடிக்கை, ப்ளக் எண்டா முதல்ல ஓட்டையை அடைக்கிற கட்டை எண்டு சொன்னன்தானே, கடைசியில ப்ளக்கினாலதான் ஓட்டை எண்டு ப்ளக்கினையே கழட்ட வேண்டியதாப் போச்சு.

ஆகவே இப்ப ஒரு பக்கம் ப்ளக்கின் கேட்டா, தேடி ஏத்திறதுக்கு ஒண்டும் இல்ல, ஒரே ஒரு விலக்கு கடைசியில வரும். "ஃப்ளாஷ் அப்டேட் பண்ணுங்கோ" எண்டு ஒரு பெட்டி துள்ளி வந்தா அது கள்ளன், தொடாதேங்கோ. பழைய பிரவுசரைத் தேடி இறக்கிறதும் அந்தப் பேனையை விடுற வேலைதான், வேலை செய்யும், ஆனா மூடி எதுக்கு இருந்ததோ அது போயிடும். பிள்ளையளிட பழைய ஃப்ளாஷ் கேம் எண்டா ரஃபிள் எண்டு ஒண்டு இருக்கு, அது ஃப்ளாஷ் இல்லாமலே ஃப்ளாஷ் கோப்பை ஓட்டிக் காட்டும், எல்லாம் இல்லாட்டியும் கனக்க ஓடும்.

அன்ரிட கதை இது ஒண்டும் இல்ல. அவவிட்ட இருந்தது எக்ஸ்டென்ஷன். இது வெளி ஆள் இல்ல, பிரவுசர் விதிச்ச விதிக்குள்ள, பிரவுசருக்கு விளங்கிற மொழியிலயே எழுதி, பிரவுசர்ட கையை கொஞ்சம் நீட்டி விடுறது, அதால நீட்சி. மீள் மீட்சி, ஆள் ஆட்சி, அதே வழியில நீள் நீட்சி, நல்ல சொல். க்ரோம் தமிழில நீட்டிப்புகள் எண்டு போட்டிருக்கு, எனக்கு அது விசா நீட்டிப்பு மாதிரிக் கிடக்கு, அது என்ர பிரச்சினை. ரெண்டையும் சேத்துச் சொல்ல துணை நிரல் எண்டதைப் பாவிக்கலாம்.

நீட்சிக்கு வியாதி ஓட்டையால வராது, விதி மாறினா வரும். ஃபயர்ஃபொக்ஸ் 2017 நவம்பர்ல 57ஆம் வேர்ஷனோட பழைய முறையில எழுதின நீட்சி எல்லாத்தையும் ஒரே நாளில கைவிட்டது. 2019 மே மாதம் நீட்சியளை உறுதிப்படுத்திற ஒரு சான்றிதழ் காலாவதியாகி உலகம் முழுக்க ஃபயர்ஃபொக்ஸ் ஆக்களிட நீட்சியள் படுத்தது, அண்டைக்கு தங்கட கொம்பியூட்டரைத்தான் கனபேர் பேசியிருப்பினம். க்ரோம் 2024ல இருந்து பழைய விதி நீட்சியளை நிப்பாட்டத் தொடங்கினது, விளம்பரம் தடுக்கிற சாமான்கள் சிலது அதிலதான் விழுந்தது. இல்லாட்டி நீட்சி ஒழுங்கா வேலை செய்யிறதே பிரச்சினையாகும், அன்ரிக்கு அதுதான் நடந்தது, கரண்ட் பில் கட்டேக்க காட் நம்பர் அடிக்கிற பெட்டியையும் விளம்பரம் எண்டு நினைச்சு மறைச்சுப் போட்டுது.

கண்டுபிடிக்கிறது லேசு. க்ரோம்ல இன்கொக்னிட்டோவில, அதான் போன இடத்தைப் பதியாத தனி விண்டோவில, திறந்து பாருங்கோ, நீங்களா அனுமதி குடுத்திருந்தாலொழிய நீட்சியள் அங்க ஓடாது. அங்க பக்கம் சரியா வந்தா ஏதோ ஒரு நீட்சிதான் ஆள். எது எண்டு தெரியாட்டி பாதியை நிப்பாட்டி பாருங்கோ, பிறகு அதில பாதி, பதினாறு இருந்தாலும் நாலு தரத்தில பிடிபடும். ஃபயர்ஃபொக்ஸ்ல இதுக்கெண்டே உதவி மெனுவில ஒரு முறை இருக்கு, எல்லா நீட்சியையும் நிப்பாட்டிப்போட்டுத் திறக்கும். இன்கொக்னிட்டோவிலயும் வராட்டி நீட்சியைக் குறை சொல்லாதேங்கோ, பிரவுசரோ பக்கமோதான்.

அன்ரிக்கு அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தடுப்பை நிப்பாட்டி விட்டன், பில் கட்டியாச்சு. அங்கிளுக்கு அவர் முந்தி வேலை செய்த இடத்துப் பழைய பக்கம் வேணும், அது ஜாவாவை விட்டு வராது. எட்ஜ் பிரவுசர்ல ஐஇ மோட், அதான் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஓடுற முறை, எண்டு ஒண்டு இருக்கு, ஆக்டிவ்எக்ஸ் ஓட்டையை அது இன்னும் வச்சிருக்குது, 2029 வரைக்குமாவது இருக்கும் எண்டு மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கு. சரியா எங்கட மல்டி ப்ளக் மாதிரி. செட்டிங்ல அனுமதி குடுத்து, அந்த விலாசத்தை மட்டும் சேத்து, ஜாவா 8ஐ ஏத்தினாப் பிறகு பக்கம் வந்திட்டுது. சேத்த விலாசம் 30 நாளில தானா விழுந்திடும், திரும்பச் சேக்கோணும். அங்கிள் அதைக் கேட்டிட்டு சுவர்க் கலண்டர்ல அடுத்த மாசத்தில ஒரு வட்டம் போட்டு, வடிவா 'செருகல்' எண்டு எழுதினார். அதுக்குப் பக்கத்தில என்ர பேர்.