எம்ப்ரியோ பயாப்ஸி: சட்டம் எதற்கு அனுமதிக்கிறது, கர்ப்ப வாய்ப்பு கூடுமா?

ஐவிஎஃப் சிகிச்சை எடுக்கும் தம்பதிகளிடம் இப்போது பல மையங்களில் இப்படிக் கேட்கிறார்கள்: "எம்ப்ரியோவை ஜெனடிக் டெஸ்ட் பண்ணிட்டு வைக்கலாமா?" எம்ப்ரியோ என்றால் கரு. சோதிப்பதற்காக அதிலிருந்து செல் எடுப்பதுதான் பயாப்ஸி. முட்டை எடுத்தாகிவிட்டது, லேபில் கரு வளர்ந்துகொண்டிருக்கிறது, கையில் இருந்த பணம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2021. நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரி 25. இதன் 25-ஆம் பிரிவு, கருவைப் பதிக்கும் முன் செய்யும் மரபணுப் பரிசோதனை பற்றியது. ஏற்கெனவே அறியப்பட்ட, பரம்பரையாக வரக்கூடிய அல்லது மரபணு சார்ந்த நோய்களைக் கண்டறிய மட்டுமே இந்தப் பரிசோதனையைச் செய்யலாம். அந்த "மட்டுமே" முக்கியம். நோய் இருப்பதாகத் தெரிந்த கருவை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதானாலும் தம்பதியின் ஒப்புதல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குத்தான் கொடுக்க முடியும்.

ஜெனடிக் டெஸ்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பரிசோதனைகள் நடக்கின்றன.

ஒன்று, குடும்பத்தில் இருக்கும் நோயைத் தேடுவது. கணவன், மனைவி இருவருமே தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர் (நோய் தாக்காமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தீவிர நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கிள் செல் என்ற ரத்த நோய்க்கும் இதே கணக்குதான். இயற்கையாகக் கருத்தரித்தால் மூன்றாம் மாதவாக்கில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்த்து, நோய் இருந்தால் கர்ப்பத்தைக் கலைப்பதா வேண்டாமா என்று தவிக்க வேண்டும். கருப்பைக்குள் வைக்கும் முன்பே நோயில்லாத கருவைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தவிப்பில் பெரும்பகுதி குறைகிறது. ஒரு குழந்தையை இந்த நோயால் இழந்த பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுக்காகத்தான் சட்டம் இந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்று பி.ஜி.டி.-ஏ. (PGT-A). இதில் குடும்ப நோய் எதையும் தேடுவதில்லை. கருவில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதைத்தான் "சக்சஸ் ரேட் கூடும்" என்று சொல்லி அதிகமாகப் பரிந்துரைக்கிறார்கள். பொறுமையாக யோசிக்க வேண்டிய இடம் இது.

செல்லை எந்த நாளில், எப்படி எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். மூன்றாம் நாள் கருவில் ஆறு முதல் எட்டு செல்கள்தான் இருக்கும். அதில் ஒன்றை எடுப்பதே கருவுக்குப் பெரிய இழப்பு. 2007-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 35 முதல் 41 வயதுப் பெண்கள் 408 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்றாம் நாள் பயாப்ஸி செய்து, சில குரோமோசோம்களை மட்டும் சோதித்த பிரிவில் 24 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பரிசோதனையே செய்யாத பிரிவில் 35 சதவீதம். உதவும் என்று நம்பிச் செய்தது வாய்ப்பைக் குறைத்துவிட்டது.

இப்போது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் நாளில் எடுக்கிறார்கள். கரு அப்போது பிளாஸ்டோசிஸ்ட் நிலையில், நூறுக்கும் மேற்பட்ட செல்களோடு இருக்கும். நுண்ணோக்கியின் கீழ், மெல்லிய கண்ணாடிக் குழாயால் கருவை ஒரு பக்கம் உறிஞ்சிப் பிடித்துக்கொள்வார்கள். லேசரால் வெளியுறையில் துளையிட்டு, வெளி அடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்து செல்கள் வரை பிரித்து எடுப்பார்கள். செல்கள் ஜெனடிக் லேபுக்குப் போகும். கருவை உறையவைத்து ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். இந்த முறையில் கருவுக்குச் சேதம் மிகக் குறைவு. ஆனால் அந்த வெளி அடுக்குதான் பின்னால் நஞ்சுக்கொடியாக மாறும். குழந்தையாக வளரும் உள் செல்களை யாரும் தொடுவதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்றாலும் கர்ப்ப காலப் பரிசோதனைகளை விடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான்.

சரி, ஐந்தாம் நாளில் எடுத்தால் பலன் கூடுகிறதா? 2021-இல் வெளியான சீன ஆய்வில் 20 முதல் 37 வயதுக்குள், மூன்று அல்லது அதற்கு மேல் நல்ல பிளாஸ்டோசிஸ்ட் இருந்த 1,212 பெண்கள் கலந்துகொண்டார்கள். கருக்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில், பரிசோதித்த பிரிவில் 77.2 சதவீதம் பேருக்கும் பரிசோதிக்காத பிரிவில் 81.8 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. கருச்சிதைவு பரிசோதித்த பிரிவில் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, வயது குறைவாகவும் கையில் நல்ல கருக்களும் இருந்தால் இந்தச் செலவு அவசியமில்லை. வயது கூடியவர்களும், தொடர்ந்து கரு கலைந்தவர்களும் டாக்டரோடு உட்கார்ந்து தங்கள் நிலையை வைத்துப் பேசி முடிவெடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் "மொசைக்" என்று வந்தால் உடனே கருவை அப்புறப்படுத்தச் சம்மதிக்காதீர்கள். சில செல்கள் சரியாகவும் சில பிழையாகவும் இருப்பதுதான் மொசைக். 2015-இல் இத்தாலிய மருத்துவர்கள் இத்தகைய கருக்களை 18 பெண்களுக்கு வைத்தார்கள். ஆறு ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. ஜெனடிக் கவுன்சலிங் கேளுங்கள்.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கவே கூடாது. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு கருவின் பாலினத்தைக் கண்டறிவதையும் தேர்ந்தெடுப்பதையும் தடை செய்கிறது. பாலினம் சார்ந்து வரும் நோய்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆண் குழந்தைகளைத் தாக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோய் ஓர் உதாரணம். மற்றபடி பாலினத் தேர்வு செய்து தருவோருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, அல்லது 10 முதல் 25 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 1994-ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டமும் கருவிலிருந்து மாதிரி எடுப்பதைத் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது.

உங்கள் உரிமைக்கு வருவோம். வெற்றி வாய்ப்பு, நன்மை, தீமை, பக்கவிளைவு, செலவு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது மையத்தின் சட்டப்படியான கடமை. எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் எதையும் செய்யக்கூடாது. கையெழுத்துப் போடும் முன் எந்த நோய்க்காகப் பரிசோதனை, எத்தனையாவது நாளில் பயாப்ஸி, பரிசோதிக்காமல் வைத்தால் என் வயதில் வாய்ப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சிகிச்சை முடிந்ததும், என்னென்ன செய்தார்கள் என்ற விவரத்தோடு டிஸ்சார்ஜ் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். குறை இருந்தால் முதலில் மையத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். ஒவ்வொரு மையமும் அப்படி ஒரு பிரிவை வைத்திருக்க வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால், ஒப்புதல் படிவம், ரசீது, லேப் ரிப்போர்ட் நகல்களை இணைத்து, இந்தச் சட்டத்தின் கீழ் மாநில அரசு அமைத்திருக்கும் உரிய அதிகார அமைப்புக்குப் புகார் அனுப்பலாம்.