பேர்டுன்னு காட்டுது, ஆனா கனெக்ட் ஆக மாட்டேங்குது

போன வாரம் ராத்திரி பத்தரைக்கு அக்கா பையன் போன் பண்ணான். "மாமா, இயர்பட்ஸ் போன்ல சூப்பரா பாடுது, லேப்டாப்ல மட்டும் பேர்டுன்னு, அதான் ஜோடி சேந்தாச்சுன்னு காட்டுது, கனெக்ட் குடுத்தா ரெண்டு செகண்ட் சுத்திட்டு திரும்ப படுத்துக்குது. காலைல ஆன்லைன் இன்டர்வியூ மாமா." லேப்டாப்ப ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, டிரைவர் அப்டேட் பண்ணியாச்சு, யாரோ வீடியோல சொன்னாங்கன்னு ப்ளூடூத் சர்வீஸையும் நிறுத்தி ஓட விட்டாச்சு. சாயந்திரம் கடைல காட்டுனதுக்கு "பட்ஸ் போச்சு தம்பி, வேற வாங்கிக்கோங்க"ன்னுட்டாங்களாம். போன்ல பாடுற பட்ஸ் எப்படிடா போகும்?

இந்த மாதிரி பஞ்சாயத்துல என்னோட முதல் சந்தேகம் எப்பவும் போன் மேல தான். கேஸ் மூடிய திறந்த உடனே பட்ஸ் கடைசியா யார்கூட பேசிட்டு இருந்துச்சோ அவங்கள தான் தேடும். அது பாக்கெட்ல இருக்குற போனா இருந்தா லேப்டாப் வாய் திறக்குறதுக்குள்ள போன் புடிச்சுக்கும், ரெண்டு பேர்கிட்ட ஒரே நேரத்துல பேசத் தெரியாத மாடல்னா அதுக்கப்புறம் லேப்டாப் எவ்ளோ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காது. அதனால போன்ல ப்ளூடூத்த ஆஃப் பண்ணிட்டு ட்ரை பண்ணுன்னேன். பண்ணியாச்சு மாமான்னான். அப்ப அதுவும் இல்ல.

"நேத்து வரைக்கும் வேலை செஞ்சுச்சா?" "செஞ்சுச்சு." "இடைல யாராவது பட்ஸ எடுத்தாங்களா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "தங்கச்சி அவ டேப்லட்ல சேக்கணும்னு கேஸ் பட்டன பத்து செகண்ட் அமுக்குனா, லைட்டு என்னமோ கலர் மாறுச்சு. அதுக்கப்புறம் என் போன்லயும் பேர் பண்ணவான்னு புதுசா கேட்டுச்சு, ஓகே குடுத்தேன்." அவ்ளோதான், ஆள் சிக்கிட்டான். அவ பண்ணது ரீசெட். பட்ஸுக்கு பழசு எல்லாம் மறந்துடுச்சு, லேப்டாப்புக்கு எதுவும் மறக்கல.

ப்ளூடூத் பத்தி எழுதுறவங்க வழக்கமா 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பட்டைல 79 சேனல், செகண்டுக்கு 1600 தடவை சேனல் விட்டு சேனல் தாவுதுன்னு அந்த தாவல்ல தான் மயங்கி நிப்பாங்க. அதுவும் அழகு தான், ஆனா என்ன மயக்குனது வேற. பேர் பண்ணும்போது அந்த ரெண்டு பொருளும் ஒரு ரகசியத்த உருவாக்கிக்குது, அதுக்கு லிங்க் கீ, அதாவது இணைப்புச் சாவின்னு பேரு, 128 பிட் நீளம். அத லேப்டாப் ஒரு பக்கம் எழுதி வச்சுக்கும், பட்ஸ் தன் சின்ன மெமரில எழுதி வச்சுக்கும். ஸ்கிரீன்ல தெரியுற "பேர்டு"ங்குற வார்த்தைக்கு அர்த்தம் "என் நோட்டுல இவங்க ரகசியம் எழுதியிருக்கு"ன்னு மட்டும் தான். எதிராளி நோட்டுலயும் அது இருக்கான்னு லேப்டாப்புக்கு தெரியாது, கூப்பிட்டுப் பாத்தா தான் தெரியும்.

சரி, அந்த ரகசியத்த எப்படி உருவாக்குறாங்க? பட்ஸுக்கு கீபோர்டு கிடையாது, பாஸ்வேர்டு அடிக்க முடியாது. பேசுறது பூரா காத்துல, பக்கத்து வீட்டுக்காரன் ஒட்டுக்கேக்கலாம். எல்லாத்தையும் ஊர் கேக்க சத்தமா பேசிட்டே ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு எண்ணுக்கு வரணும். முதல் தடவை படிச்சப்போ இது நடக்காத காரியம்னு தான் எனக்கும் தோணுச்சு.

பாண்டி ஆட்டம் ஞாபகம் இருக்கா, கட்டம் போட்டு நொண்டி அடிப்போமே, அதே தான், ஆனா கட்டங்களோட எண்ணிக்கை 78 இலக்கத்துல வர்ற ஒரு மகா முற்றம். ஆரம்பக் கட்டம் எதுன்னு உலகத்துக்கே தெரியும், ஒரு தாவலுக்கு எங்க போய் விழணும்ங்குற விதியும் எல்லாருக்கும் தெரியும். ஆனா விதி கிறுக்குத்தனமானது, ஒரு தாவல் உன்ன இந்த மூலைல போடும், அடுத்த தாவல் எங்கயோ அந்தப் பக்கம் தூக்கி அடிக்கும். லேப்டாப் மனசுக்குள்ள ஒரு எண்ண நினைச்சுக்கும், அத்தனை தடவை தாவி நின்ன கட்டத்த மட்டும் சத்தமா சொல்லும். பட்ஸும் தனக்கு ஒரு எண்ண நினைச்சு, தாவி, தான் நிக்குற கட்டத்த சொல்லும். இப்ப லேப்டாப் என்ன பண்ணும்னா, பட்ஸ் சொன்ன கட்டத்த வச்சுக்கிட்டு, திரும்ப ஆரம்பத்துல இருந்து தன்னோட எண்ணப்படி தாவும், ஆனா இப்ப ஒவ்வொரு தாவலும் பட்ஸ் மொத்தமா தாவுன தூரத்துக்கு சமம். பட்ஸும் லேப்டாப் சொன்ன கட்டத்த வச்சு அதையே பண்ணும். ஏழு எட்டு ஐம்பத்தாறுனா எட்டு ஏழும் ஐம்பத்தாறு தானே, அதனால ரெண்டு பேரும் ஒரே கட்டத்துல வந்து நிப்பாங்க. அந்தக் கட்டத்த யாருமே வாய் திறந்து சொல்லல. அதுல இருந்து தான் லிங்க் கீ பொறக்குது.

அப்ப 78 இலக்கத் தடவை தாவணுமா, பட்ஸ் பேட்டரி தாங்குமா? அங்க தான் குறுக்கு வழி இருக்கு. ஒரு தாவல் தெரிஞ்சா அத இரட்டிச்சு ரெண்டு தாவல், அத இரட்டிச்சா நாலு, எட்டு, பதினாறு, இப்படி 256 தடவை இரட்டிச்சு தேவையானத கூட்டிக்கிட்டா எவ்ளோ பெரிய எண்ணா இருந்தாலும் கண் சிமிட்டுற நேரத்துல முடிஞ்சுடும். ஆனா எத்தனை தாவல்னு தெரிஞ்சவனுக்கு மட்டும் தான் அந்த குறுக்கு வழி. நின்ன கட்டத்த மட்டும் பாத்துட்டு "எத்தனை தடவை தாவியிருப்பான்"னு பின்னாடி போய் கண்டுபுடிக்க இன்னைக்கு இருக்குற கம்ப்யூட்டர்களுக்கு உருப்படியான வழி இல்ல. இதுக்கு எலிப்டிக் கர்வ்ங்குற வளைகோட்டுக் கணக்குன்னு பேரு. ஊர் கேக்க பேசியே ரகசியம் உருவாக்கலாம்னு 1976-ல டிஃபியும் ஹெல்மனும் கொண்டு வந்த யோசனைய, 1985 வாக்குல நீல் கோப்லிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியா இந்த கர்வ் மேல ஏத்துனாங்க. 2007-ல வந்த ப்ளூடூத் 2.1-ல இருந்து இது தான் பேரிங்குக்கு அடிப்படை. அந்தக் கர்வுகள நூத்தாண்டுக் கணக்குல கணிதக்காரங்க எந்த உபயோகமும் எதிர்பாக்காம நோண்டிட்டு இருந்தாங்க. இங்க ஆராய்ச்சிக்கு போற காசு ஜிடிபில 1 சதவீதத்த தொட்டதில்ல, அதுலயும் தியரி பக்கம் போறவன பாத்து "இதால யாருக்கு என்ன லாபம்"னு கேக்குறாங்க. கேக்குறவங்க காதுலயே அந்த லாபம் மாட்டியிருக்கு.

கீ பொறந்தாச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை கனெக்ட் ஆகும்போதும் ஒரு சின்ன பரீட்சை நடக்கும். லேப்டாப் யாரும் ஊகிக்க முடியாத ஏதோ ஒரு எண்ண எடுத்து அனுப்பும், பட்ஸ் அத தன்கிட்ட இருக்குற கீயோட கலந்து அரைச்சு ஒரு குட்டி பதில் அனுப்பும், லேப்டாப்பும் தனியா அரைச்சுப் பாத்து ரெண்டும் ஒண்ணா இருந்தா உள்ள விடும். கீ காத்துல போகவே போகாது. நம்ம கதைல பட்ஸ்கிட்ட கீயே இல்ல, அது "என்கிட்ட சாவி இல்ல"ன்னு சொல்லிடும். ப்ளூடூத் விதிகள்ல இதுக்குன்னே எரர் நம்பர் 06 இருக்கு, "பின் ஆர் கீ மிஸ்ஸிங்"னு பச்சையா பேரே வச்சிருக்காங்க. ஆனா லேப்டாப் அத நம்மகிட்ட சொல்லாது, ரெண்டு செகண்ட் சுத்திட்டு படுத்துக்கும். அந்த ஒரு வரிய காட்டியிருந்தா ஊர்ல பாதி பட்ஸ் குப்பைக்கு போயிருக்காது.

எனக்கு இதுல சொந்த அனுபவமும் உண்டு. என் லேப்டாப்ல விண்டோஸ், உபுண்டுன்னு ரெண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு. உபுண்டுல பேர் பண்ணா விண்டோஸ்ல வராது, விண்டோஸ்ல பண்ணா உபுண்டுல வராது, ரெண்டு மாசம் மாத்தி மாத்தி பேர் பண்ணி வெறுத்துட்டேன். ப்ளூடூத் சிப் ஒண்ணு தான், அதோட அட்ரஸும் ஒண்ணு தான், அதனால பட்ஸுக்கு ரெண்டும் ஒரே ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு கீ தான் எழுதி வைக்கும், புதுசு வந்தா பழசு அழிஞ்சுடும். கடைசில விண்டோஸ் தன் செட்டிங்ஸ எழுதி வைக்குற ரெஜிஸ்ட்ரில இருந்து அந்த 128 பிட் கீய, 32 எழுத்தா இருந்தத தோண்டி எடுத்து, உபுண்டுல /வார்/லிப்/ப்ளூடூத் ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபைல்ல கையால ஒட்டுனேன். ரீபூட் பண்ணதும் பாட்டு வந்துச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வீட்ல யாருக்கும் புரியல.

பையனுக்கு சொன்ன வைத்தியம் சின்னது. லேப்டாப் செட்டிங்ஸ்ல ப்ளூடூத் பக்கம் போய் பட்ஸ் பேர்ல "ரிமூவ் டிவைஸ்" குடு, சும்மா டிஸ்கனெக்ட் குடுத்தா பத்தாது, ரிமூவ் பண்ணா தான் செத்த சாவி போகும். அப்புறம் பட்ஸ பேரிங் மோடுல போட்டு புதுசா சேரு. டெஸ்க்டாப்புல ப்ளூடூத்துக்குன்னு யூஎஸ்பில சொருகுற குட்டி டாங்கிள் வச்சிருக்கவங்க மட்டும் இன்னொண்ணு பாக்கணும், பக்கத்து போர்ட்ல யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஓடுனா அதோட இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலயே விழும், ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிள தள்ளி வைங்க. ப்ளூடூத்துக்கும் சேத்து இருக்குற வைஃபை ஆன்டெனாவ திருகாத டெஸ்க்டாப்பும் நான் பாத்திருக்கேன், ஒரு அடி தள்ளிப் போனா பாட்டு அறுந்துடும்.

நடுவுல அக்கா போன வாங்கி, "பட்ஸ் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன் டா, ரேடியேஷன் தடுக்குமாம், அதனால இருக்குமோ?"ன்னாங்க. 2020-ல ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்னு மாடுகளுக்கான மத்திய அரசு அமைப்போட தலைவரே மாட்டுச் சாணில செஞ்ச சிப்ப காட்டி போன் ரேடியேஷன் குறையும்னு சொன்ன நாடு, அக்காவ மட்டும் என்ன சொல்ல. அக்கா, அந்த ஸ்டிக்கர் நிஜமாவே அலைய தடுத்திருந்தா ரீசெட் பண்ணாமலே பாட்டு நின்னிருக்கும், பாடுச்சுல்ல, அப்ப அது வெறும் ஸ்டிக்கர் தான்னேன்.

பதினோரு மணிக்கு திரும்ப போன். "வந்துடுச்சு மாமா! ஆனா மீட்டிங் ஆப் திறந்தா சவுண்டு பழைய லேண்ட்லைன் மாதிரி ஆயிடுது." அதுக்கு காரணம் பட்ஸோட மைக். மைக்க எடுத்தா ப்ளூடூத் பாட்டு வழிய விட்டுட்டு கால் வழிக்கு மாறிடும், அந்த வழில சத்தத்த சுருக்கி அனுப்புற கோடெக் பழசுன்னா 8 கிலோஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 8000 தடவை தான் சத்தத்த அளக்கும், கொஞ்சம் புதுசுன்னா 16. ஆப்ல மைக்குக்கு லேப்டாப் மைக்க வை, ஸ்பீக்கருக்கு மட்டும் பட்ஸ வைன்னேன். வச்சான். "இப்ப ஓகே மாமா." தங்கச்சி கைல கேஸ் கிடைக்காம பாத்துக்கோன்னு சொல்லிட்டு போய் படுத்தேன்.